இடிக்கப் போகும் சுவரில் எதற்குப் படம்?



ஒரு வாரமாக நம் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று ஒரு மனு சுற்றுகிறது. "சார் முதலில் கையெழுத்துப் போட்டால் எல்லாரும் போடுவார்கள்" என்று நான்கைந்து பேர் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வகுப்பில் 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்!

வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் படித்த, நான் பாடம் நடத்திய அந்த மாடிக் கட்டடம் 2022 தொடக்கத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, ஆபத்தானவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. நம் கட்டடமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 'அருகில் செல்லாதீர்' என்று சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். மெட்ராஸ் டெரஸ் தளம், உள்ளே தேக்கு உத்தரம். போன மழையில் மாடி வராந்தாவின் ஒரு மூலை கீழே இறங்கிவிட்டது.

சண்டை சூடு பிடித்ததற்குக் காரணம் கட்டடம் மட்டும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் தெருப்பக்கச் சுவரில் நம் பழைய மாணவன் ஒருவன், நண்பர்கள் சிலரோடு அனுமதி வாங்கி, பெரிய படம் ஒன்று வரைந்திருக்கிறான். ஒரு கை. அந்தக் கையில் இரும்புக் கம்பி. எதிரே தொங்கும் தண்டவாளத் துண்டு. நம் பள்ளி மணி! ஜங்ஷன் ஊர்க்காரர்களுக்கு வெண்கல மணி எதற்கு என்று யாரோ என்றைக்கோ கட்டித் தொங்கவிட்ட அதே துண்டு. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் மரபு ஓவியம் படித்தவன் அவன். கை நரம்பு வரை தெரிகிறது.

போன ஞாயிறு என் பேரனை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "நல்லாத்தான் இருக்கு தாத்தா. ஆனா இடிக்கப் போற சுவத்துல எதுக்குப் படம் வரையணும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சரித்திர வாத்தியாருக்குப் பதில் வரவில்லை என்றால் சரித்திரத்தில்தான் தேட வேண்டும்.

நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனை நினைவிருக்கிறதா? ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் உள்ள அவன் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. செங்கல்லும் மரமும் அழியும், பாறை நிற்கும் என்று கண்டவன் அவன். அந்தப் பெருமையின் தொடர்ச்சியைத்தான் மாமல்லபுரத்தில் பார்க்கிறோம். அதே மன்னனுக்கு 'சித்திரகாரப்புலி' என்றும் ஒரு பட்டம் உண்டு. ஓவியர்களில் புலி! பாறையில் கோயில் குடைந்து அழிவை வென்றவனின் ஓவியத்தில் நமக்கு மிஞ்சியது என்ன? பட்டம் மட்டும்தான் மிஞ்சியது என்று சொல்லலாம். அவன் தீட்டிய படம் என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை.

அவன் வழியில் வந்த ராஜசிம்மன் காலத்துப் படங்கள் கொஞ்சம் கிடைத்தன. கடற்கரைக் கோயிலை எடுத்த அதே மன்னன் காஞ்சியில் கட்டிய கைலாசநாதர் கோயில், நமக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. சுற்றாலைச் சிறு சன்னதிகளில் பல்லவர் ஓவியம் இருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டு சொன்னார். அதே 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, நாயக்கர் காலப் படங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். நாயக்கர் கால ஓவியர்கள் சோழர் படத்தின் மேலேயே புதுச் சாந்து பூசி வரைந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது பழைய சுவர், அவ்வளவுதான். பிறகு தொல்லியல் துறை, மேலே இருந்த நாயக்கர் படங்களைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஏற்றி வைத்து, அடியில் இருந்த சோழர் படத்தை வெளியே கொண்டுவந்தது. இரண்டு படமும் பிழைத்தன.

ஆக, சுவரில் வரைந்த படத்துக்கு ஆயுள் கெட்டி இல்லை என்பது நம் நாட்டில் ஆயிரம் வருடத்துச் சங்கதி. கட்டடத்துக்கும் அப்படித்தான். விஜயநகர மன்னர்கள் காலத்தில் எழுந்து, 1752இல் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த நம் செங்கல்பட்டுக் கோட்டைக்குள்தான் பின்னாளில் ரயில் பாதை ஓடியது. உங்களில் எத்தனையோ பேர் அந்தப் பாதையில்தான் தினமும் தாம்பரத்துக்கு வேலைக்குப் போய் வந்தீர்கள்.

அடுத்து, நம் காலத்துச் சுவர்கள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் நம் ஊர்ச் சுவர் என்றால் கட்சிச் சின்னம், சினிமா போஸ்டர், பனியன் விளம்பரம். சுவரைப் பாழாக்கக் கூடாது என்று 1959லேயே சட்டம் வந்தது. யார் கேட்டார்கள்? தேர்தல் வந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே சுவரை 'ரிசர்வ்' செய்துவிடுவார்கள். அந்தச் சுவர் எழுத்தும் சினிமா பேனரும் நிறைய ஓவியர்களுக்குச் சோறு போட்டன. ஃபிளெக்ஸ் வந்தது, பேனர் ஓவியர்கள் தொழில் போயிற்று. 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகளில் போஸ்டரைத் தடை செய்து, அந்தச் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் சொன்னபோது, தூரிகை பிடித்தவர்களில் பலர் இந்த பேனர் ஓவியர்கள்தான்.

அதன் பிறகு படங்கள் நம் கடற்கரைப் பக்கமும் வந்தன. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது வழியெல்லாம் சுவருக்கு வண்ணம். 2022 ஜூலை, ஆகஸ்டில் பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரைத் 'தம்பி' இல்லாத சுவர் இல்லை. சென்னை நேப்பியர் பாலமே சதுரங்கப் பலகை ஆயிற்று. விழா முடிந்தது. வெயிலும் உப்புக் காற்றும் பட்டுத் தம்பியின் வேட்டி வெளுத்துப்போனது. அதற்காக யாரும் அழவில்லை, அழ வேண்டியதும் இல்லை.

துரைப்பாக்கம் கண்ணகி நகர் கதை வேறு. 2000த்திலிருந்து சென்னை ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடியிருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தி அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய படங்கள் வரைந்தபோது, அந்த இடத்தின் பெயரைச் சொன்னால் முகம் சுளித்தவர்கள்கூடக் கேமராவோடு போனார்கள். அங்கே வசிப்பவர்களில் பலர் தங்கள் பழைய வீடு இடிபடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள். 'இடிக்கப் போகிறோம்' என்று முன்னால் சொல்வதும் சொல்லாமல் வருவதும் எவ்வளவு வேறுபட்டவை என்று அவர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்த 'முன்னால் சொல்வது' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததே அதுதான். அதற்கு ஒரு வெளிநாட்டுக் கதை வேண்டும்.

நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் தண்ணீர் மீட்டர் செய்த பழைய தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஜெர்ரி வோல்காஃப் என்பவர் அதை வாங்கினார். 1990களில் தெரு ஓவியர்கள் அங்கே வரைய அவரே அனுமதி கொடுத்தார். 2002 முதல் ஜொனாதன் கோஹன் என்ற ஓவியர் பொறுப்பேற்று, யார் எந்தச் சுவரில் வரையலாம், எந்தப் படம் நிரந்தரம், எதன் மேல் அடுத்தவர் வரையலாம் என்று ஒழுங்கு செய்தார். 'ஃபைவ் பாயிண்ட்ஸ்' என்று அதற்குப் பெயர். பக்கத்தில் ஓடும் 7ஆம் எண் ரயிலில் போகிறவர்கள் எல்லாரும் தினமும் பார்த்த கண்காட்சி அது. இலவசம்.

இடத்தின் மதிப்பு ஏறியது. கட்டடத்தை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப் போவதாக உரிமையாளர் சொன்னார். 2013 அக்டோபரில் ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் 1990இல் வந்த ஒரு சட்டம், பெயர் பெற்ற ஓவியத்தை அழிப்பதற்கு எதிராக ஓவியருக்கு உரிமை தருகிறது. கட்டடத்திலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய படமாக இருந்தால், உரிமையாளர் எழுத்தில் அறிவித்து 90 நாள் அவகாசம் தர வேண்டும். நீதிபதி ஃபிரெடரிக் பிளாக் இடிப்புக்குத் தடை கொடுக்க மறுத்துவிட்டார். கட்டடம் உரிமையாளருடையது, போகத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் படங்களுக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கு பாக்கி இருந்தது. அவர் தம் தீர்ப்பை விரிவாக எழுதி முடிப்பதற்குள், நவம்பர் மாதத்தில் ஒரே இரவில், உரிமையாளர் ஆள் வைத்து எல்லாப் படங்களுக்கும் வெள்ளை அடித்துவிட்டார். காலையில் ரயிலில் வந்தவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்தார்கள். அடியில் இருந்த வண்ணம் அங்கங்கே மங்கலாகத் தெரிந்ததாம். கட்டடம் இடிக்கப்பட்டது மறு வருடம், 2014இல்.

2018 பிப்ரவரியில் அதே நீதிபதி தீர்ப்பு சொன்னார். 21 ஓவியர்கள், 45 படங்கள், படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் வீதம் மொத்தம் 67.5 லட்சம் டாலர் நஷ்டஈடு. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் என் மனத்தில் நின்ற இடம் ஒன்று உண்டு. உரிமையாளர் இடிக்க அனுமதி கிடைக்கும் வரை, அதாவது இன்னும் சில மாதம், பொறுத்திருந்து பிறகு இடித்திருந்தால் தாம் இவ்வளவு கடுமையாகப் போயிருக்க மாட்டேன் என்ற பொருளில் நீதிபதி எழுதினார். அந்த மாதங்களில் ஓவியர்கள் தங்கள் படங்களை ஒழுங்காகப் படமெடுத்திருப்பார்கள், எடுக்க முடிந்ததை எடுத்துப் போயிருப்பார்கள், ஊரும் ஒருமுறை வந்து பார்த்து விடை கொடுத்திருக்கும். இடித்ததைவிட, சொல்லாமல் கொள்ளாமல் இரவில் வெள்ளை அடித்ததுதான் நீதிபதியைக் கோபப்படுத்தியது.

நம் நாட்டில் என்ன நிலை? தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் செகல் என்ற சிற்பி செய்த 140 அடி நீள வெண்கலச் சுவர்ச்சிற்பம் இருந்தது. 1957இல் அரசே கேட்டு வாங்கியது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அவரிடம் கேட்காமலே பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், துண்டு துண்டாகச் சேதமாயிற்று. அவர் வழக்காடினார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: மிச்சத்தைத் திருப்பிக் கொடு, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடு. ஆனால் 2017இல் பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடத்தை இரவோடு இரவாக இடித்தபோது, அதை வடிவமைத்த ராஜ் ரேவால் போட்ட வழக்கு 2019இல் தள்ளுபடி ஆனது. கட்டடத்தின் உடைமையாளர் இடிப்பதைக் கட்டடக் கலைஞர் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அமெரிக்காவில் உள்ளது போல 90 நாள் முன்னறிவிப்பு நம் சட்டத்தில் இல்லை. சட்டம் சொல்லாத இடத்தில் மரியாதைதான் சொல்ல வேண்டும்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் வோல்காஃபைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

1996. மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய சுவரில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மதிய இடைவேளைகளில் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தான். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். அடுப்புக் கரி, வகுப்பில் மிஞ்சும் கலர் சாக்பீஸ், செம்மண் கரைசல். கட்டுமரம் ஒன்று அலை ஏறுகிறது, மூன்று பேர் துடுப்புப் போடுகிறார்கள். நான் தினமும் சைக்கிளை நிறுத்தும்போது பார்ப்பேன். ஒரு வார்த்தை பாராட்டியதில்லை, திட்டியதும் இல்லை.

ஆண்டாய்வு வந்தது. கட்டடப் பராமரிப்பு அந்த வருடம் என் பொறுப்பு. முதல் நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, சுண்ணாம்பு கரைத்து அடிக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அந்தப் பையன் சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், "வணக்கம் சார்" என்றான், வகுப்புக்குப் போய்விட்டான். ஆய்வுக்கு வந்தவர்கள் மாடிப்படிப் பக்கம் வரவே இல்லை.

இன்று தெருச்சுவரில் மணியடிக்கும் கையை வரைந்தவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே அவனும் வந்திருந்தான். நான் பேச்சைத் தொடங்குவதற்குள் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: "சார், அன்னிக்கு நீங்க சுண்ணாம்பு அடிச்சது தப்பில்ல சார். பள்ளிக்கூடத்துச் சுவரு. ஆனா 'நாளைக்கு அடிக்கப் போறோம்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ராத்திரி வந்து இன்னொரு தடவ பார்த்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. உங்கள் டீச்சரம்மாவிடம் சொன்னேன். "இருபத்தெட்டு வருஷம் கழிச்சாவது உங்களுக்கு உறைச்சுதே" என்றாள்.

பேரனின் கேள்வியை அவனிடமே கேட்டேன்: "இது இடியப் போகுதுன்னு தெரிஞ்சும் ஏம்பா வரைஞ்சே?" அவன் சொன்னான்: "இடியப் போகுதுன்னுதான் சார் வரைஞ்சேன். மூணு வருஷமா இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கல. இப்ப எல்லாரும் நின்னு பார்க்கறாங்க."

பாரிஸிலும் இதையே செய்திருக்கிறார்கள். 2013இல் இடிக்கப்படவிருந்த ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றைத் தெரு ஓவியர்கள் நூறு பேருக்குமேல் சேர்ந்து, அறை அறையாக, குளியலறைகூட விடாமல் வரைந்தார்கள். 'டூர் பாரிஸ் 13' என்று பெயர். அக்டோபர் மாதம் முழுக்க மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பல மணி நேரம் வரிசையில் நின்று ஜனங்கள் பார்த்தார்கள். 2014 ஏப்ரலில் இடித்தார்கள். யாரும் வழக்குப் போடவில்லை. முதல் நாளே எல்லாருக்கும் முடிவு தெரியும்.

இப்போது என் பதில்.

கட்டடத்தை இடிக்கக் கூடாது என்ற மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்மேல் கோபம் வேண்டாம். திருநெல்வேலியில் போன மூன்று பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஞாபகத்துக்காக இன்னொரு பிள்ளையின் தலைமேல் தேக்கு உத்தரத்தைத் தொங்கவிடக் கூடாது. பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டிய இடம் நம் மாவட்டத்திலேயே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, 1996 முதல். பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். ஆனால் எல்லாக் கட்டடத்தையும் அப்படித் தூக்கிப் போக முடியாது. நம்முடையதைத் தூக்கிப் போக நம்மிடம் பணமும் இல்லை.

அதற்குப் பதிலாக வேறு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் கேட்பது மூன்றுதான். இடிக்கும் தேதியை 30 நாளுக்கு முன்னால் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தெருப்பக்கத்துப் படத்தையும் கட்டடத்தையும் அளவுகோல் வைத்து ஒழுங்காகப் படமெடுக்க அனுமதி கொடுங்கள். அந்தத் தண்டவாளத் துண்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் புதுக் கட்டடத்தில் தொங்கவிடுங்கள். இதற்குக் கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் கீழே பெயரும் படித்த ஆண்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பழைய புகைப்படம் வைத்திருப்பவர்கள் தேடி அனுப்புங்கள். பத்தாம் வகுப்புக் குழுப் படங்களில் முகங்களுக்குப் பின்னால் அந்தச் சுவர் இருக்கும். 1996இல் மாடிப்படிப் பக்கம் யாராவது படம் எடுத்திருந்தால், அதில் கட்டுமரத்தின் ஒரு மூலையாவது தெரிந்தால், தயவு செய்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். அதை நான் ஒருவரிடம் கொடுக்க வேண்டும்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு நான் தெருமுனை டீக்கடையில் இருப்பேன். வர முடிந்தவர்கள் வாருங்கள். உள்ளே போகக் கூடாது. தெருவில் நின்று பார்த்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்